வீட்டின் மேற்கே ஒரு புங்க மரம்

கோடையில் மரம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் என்ன வேறுபாடு என்பதை மாலை ஆறு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் அறியலாம். பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கிய செங்கல் சுவர், அந்தச் சூட்டை இரவு வெகு நேரம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. மின்விசிறி சுற்றினாலும் வீசுவது வெப்பக் காற்றுதான். அந்தச் சுவர்மீது மூன்று மணி வெயில் படாமல் ஒரு மரம் மறைத்து நின்றால், வீட்டில் உள்ள முதியோரும் குழந்தைகளும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இது தெரிந்துதான் பலரும் வீடு கட்டியவுடன் மரக்கன்று நடுகிறார்கள். ஆனால் நட்ட மரங்களில் பல, பின்னர் வெட்டப்படுகின்றன. சுவர் வெடித்தது, கழிவு நீர்த் தொட்டிக்குள் வேர் புகுந்தது, காற்றில் கிளை முறிந்தது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வார்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அழகுக்காகவும் விரைவில் வளரும் என்பதற்காகவும் நடப்பட்ட குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை அவற்றில் ஏராளம். ஒரு மரம் புயலில் நிற்பதும் சாய்வதும் பெரும்பாலும் அது கன்றாக இருந்த முதல் மூன்று ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த மரம், எந்த இடம், எப்படிப்பட்ட வேர் ஆகிய மூன்றையும் அப்போதே கவனித்துவிட்டால், பின்னர் கோடரிக்கு வேலை இருக்காது.

வீட்டு நிழலுக்கு நம் நாட்டு மரங்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது புங்க மரம் ஆகும்.

ஏன் புங்கம்?

புங்கம், புங்கு, புன்கு என்று பல பெயர்களில் இது வழங்குகிறது. பொங்கேமியா பின்னேட்டா என்ற தாவரப் பெயரின் முற்பகுதி, தென்னிந்தியாவில் வழங்கிய பெயரிலிருந்தே பிறந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். எனவே இதன் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நிலத்தில் சேர்க்கின்றன. சங்கப் புலவர்கள் மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கின் பூக்களை நெற்பொரிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். நந்தனார் கதையோடு தொடர்புடைய திருப்புன்கூர் கோயிலுக்கு இதுவே தலமரம்.

ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடலோரம் ஆகியவை இதன் இயற்கையான இருப்பிடங்கள். ஆகவே சில நாட்கள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும்; ஓரளவு உப்பு மண்ணிலும் உவர் நீரிலும் வளரும். அதே மரம் வேரூன்றியபின் வறட்சியையும் தாங்கும். ஆண்டுக்கு 500 மில்லி மீட்டர் மழை பெறும் இடங்களிலிருந்து 2,500 மில்லி மீட்டர் பெறும் இடங்கள் வரை இது வளர்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கரிப்பாக உள்ள புறநகர் மனைகளுக்கு இது பெரிய வசதி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இலை விடும் காலம். மாசி, பங்குனியில் புங்கம் இலை உதிர்க்கும். ஆனால் மொட்டையாக நிற்பது மிகச் சில நாட்களே. உடனே செம்பு நிறத் தளிர் விட்டு, இளம்பச்சையாக மாறி, சித்திரை பிறக்கும்போது மரம் முழுவதும் புது இலை மூடிவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும் அக்கினி நட்சத்திரத்தில் நிழலும் உச்சத்தில் இருக்கும். இலைகள் அகலமாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் அடியில் வெயில் புள்ளிகூட விழாது.

இடத் தேர்வு

வளர்ந்த புங்கம் 40 அடி உயரம் செல்லும். நல்ல ஈரம் உள்ள இடத்தில் அதற்கு மேலும் போகும். உயரத்துக்குச் சமமாகக் கிளை பரப்பும். எனவே ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைக்கு ஒரு மரம் போதும். இரண்டு நட்டால் ஒன்றை ஒன்று நெருக்கி, இரண்டும் வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளரும்.

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி, மதில் சுவரிலிருந்து 10 அடி, கிணறு, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவு நீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து 20 அடி தள்ளி நட வேண்டும். புங்கத்தின் பக்க வேர்கள் மேலாக நெடுந்தூரம் ஓடும் தன்மை உடையவை. கசியும் தொட்டியும் குழாயும் இருந்தால் ஈரத்தைத் தேடி அங்கேயே போகும். மின்கம்பிக்கு நேர் கீழே எந்தக் காரணத்தாலும் நடக்கூடாது. ஆண்டுதோறும் நுனி வெட்டப்படும் மரம் நல்ல உருவத்தோடு வளராது.

திசையைப் பொறுத்தவரை வீட்டின் மேற்குப் பக்கமே சிறந்தது. மேற்கிலும் சற்று வடக்கே தள்ளி நடுவது இன்னும் நல்லது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் பாதி வரை வடக்கே நகர்ந்து நிற்கிறது. தெற்கு மாவட்டங்களில் இது இன்னும் முன்னதாகவே தொடங்கும். ஆகையால் மே மாதப் பிற்பகல் வெயில், மேற்கும் வடமேற்கும் ஆன பக்கத்திலிருந்து வீட்டைத் தாக்குகிறது. இதைக் கவனிக்காமல் தென்மேற்கு மூலையில் நட்டால், மார்கழி வெயிலுக்கு நிழல் கிடைக்கும். கோடை வெயிலுக்குக் கிடைக்காது.

மூன்று சென்ட்டுக்குக் குறைந்த மனையில் மேற்குப் பக்கம் இத்தனை இடம் இருக்காது. அங்கே பவளமல்லி, நெல்லி, மாதுளை, கறிவேப்பிலை போன்ற சிறு மரங்களே ஏற்றவை. தெருவோரத்தில் நடுவதானால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி பெற்று நடுவது முறையாகும்.

விதையா, கன்றா?

இடம் தயாராக இருந்தால் விதையை அந்த இடத்திலேயே ஊன்றுவது மிகச் சிறந்தது. அப்படி முளைத்த மரத்துக்கு ஆணிவேர் தடையின்றி நேராக இறங்கும். பங்குனி முதல் வைகாசி வரை முற்றிப் பழுப்பேறிய காய்கள் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். நேராக வளர்ந்த, நன்கு காய்க்கும் நடுவயது மரத்திலிருந்து காய்களைச் சேகரித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் விதை வெளிவரும். ஒரு காயில் பெரும்பாலும் ஒரு விதையே இருக்கும்.

விதை நேர்த்தி ஒன்றும் தேவையில்லை. இடத்துக்கு மூன்று விதையாக, அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரம் காக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முளைக்கத் தொடங்கும். இதன் விதைப்பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வேர் முதலில் கீழே ஓடியபிறகே தளிர் மேலே வரும். ஆகவே முளை காணவில்லையே என்று அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்கக்கூடாது. ஒரு மாதம் வரை பொறுக்கலாம். முளைத்தவற்றில் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட வேண்டும்.

நாற்றங்காலில் கன்று வாங்குவோர் உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. சிறு பாலித்தீன் பையில் ஆறடி உயரம் நிற்கும் கன்று, இரண்டு அடிக் கன்றைவிட மோசமானது. பைக்குள் இடமில்லாமல் அதன் வேர் அடியில் கயிற்றுச் சுருள்போல் சுற்றியிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. மரம் பருக்கப் பருக்க அந்த வேர்களே அடித்தண்டை இறுக்கிப் பிடிக்கும். பத்து, பதினைந்து ஆண்டு கழித்து ஒரு பெருங்காற்றில் அந்த மரம் அடியோடு பெயர்ந்து விழும். விழுந்த பிறகே பழுது வெளியே தெரியும்.

ஆறு மாதம் முதல் ஓராண்டு வயதுள்ள, இரண்டு முதல் மூன்று அடி உயரக் கன்றே போதுமானது. தண்டு பென்சில் கனத்துக்குக் குறையாமல், தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். பையின் அடியைக் கிழித்துப் பார்க்க அனுமதிக்கும் நாற்றங்காலில் வாங்குவது நல்லது.

குழியும் நடவும்

நடவுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம் உள்ள குழி எடுத்து ஆறப்போட வேண்டும். மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியே குவிக்க வேண்டும். புது மனைகளில் கட்டட வேலை செய்த சுண்ணாம்பு, சிமெண்ட், உடைகல் ஆகியவை மண்ணில் கலந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி அகற்றுவது அவசியம். அடியில் சுக்கான் பாறையோ இறுகிய மண்ணோ தென்பட்டால் கடப்பாரையால் குத்தி உடைத்துவிட வேண்டும். களிமண்ணில் குழியின் பக்கங்கள் மண்வெட்டி பட்டுப் பளபளப்பாக இருந்தால் வேர் உள்ளே நுழையாது. அவற்றையும் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும்.

மேல் மண்ணுடன் பத்து கிலோ மக்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பலாம். மக்காத சாணம் இட்டால் கரையான் வரும்.

தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் பகுதிகளில் ஆனி, ஆடியிலும், மற்றப் பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசியிலும் நடலாம். நடுவதற்கு முன் பாலித்தீன் பையை முழுவதும் நீக்க வேண்டும். பையோடு நட்டுவிட்டு, கன்று வளரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோர் இன்றும் இருக்கிறார்கள். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்த ஓர் அங்குலத்தைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடலாம். வேர்க்கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், தரை மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அடித்தண்டு அழுகும். குழி மண் பின்னர் சற்று இறங்கும் என்பதால் இரண்டு அங்குலம் மேடாக அணைப்பது நல்லது.

ஆடிக் காற்றில் ஆடாதிருக்க ஒரு மூங்கில் கழி ஊன்றலாம். தண்டைக் கழியோடு இறுக்கிக் கட்டக்கூடாது. பழைய துணியை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் சிறிதளவு அசைந்தால்தான் தண்டு பருக்கும், வேர் அகலும். ஓராண்டு முடிந்ததும் கழியை எடுத்துவிட வேண்டும். கால்நடைகள் புங்க இலையை விரும்பித் தின்பதில்லை. ஆயினும் இளங்கன்றை ஆடு கடித்துப் பார்க்கும், மாடு மிதிக்கும். முதல் இரண்டு ஆண்டு முள்வேலி போடுவது நல்லது.

நீர் பாய்ச்சுதல்

தினமும் ஒரு செம்பு நீர் ஊற்றுவது மரத்துக்கு நன்மை செய்வதாகாது. மேல் மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிப் பழகிவிடும். அத்தகைய மரம் வறட்சியில் முதலில் வாடும். புயலில் முதலில் சாயும். நட்ட முதல் மாதம் மழை இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குடம் நீர், அதாவது சுமார் 15 லிட்டர், மெதுவாக ஊற்ற வேண்டும். அதன்பின் வாரம் ஒரு முறை இரண்டு குடம் போதும். இரண்டு கோடை தாண்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வட்டப்பாத்தியைத் தண்டை ஒட்டி வைக்காமல், ஆண்டுக்கு ஓர் அடியாக வெளியே தள்ளிப் பெரிதாக்க வேண்டும். நீரைத் தேடி வேரும் வெளியே செல்லும். குளித்த நீரைத் திருப்பிவிடலாம். சலவைச் சோடா மிகுந்த நீர் வேண்டாம். பாத்திக்குள் மூன்று அங்குல கனத்துக்கு உலர்ந்த சருகு பரப்பினால் ஈரம் காக்கும். சருகு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும்.

வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடுவோர் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்றடி மண்ணைத் திறந்து விட வேண்டும். வேருக்கும் காற்று தேவை. தண்டு வரை சிமெண்ட் பூசிய மரம், இலை பச்சையாக இருக்கும்போதே அடியில் நலிந்துகொண்டிருக்கும். குழாய் பதிக்கத் தோண்டும்போது ஒரு பக்க வேர்கள் முழுவதையும் வெட்டுவதும் அதே கேட்டைச் செய்யும்.

கவாத்து

முதல் மூன்று ஆண்டுகளில் செய்யும் கவாத்து, பிற்காலச் செலவை மிச்சப்படுத்தும். நுனித்தண்டு ஒன்றே மேலோங்கி நிற்க வேண்டும். இரண்டு தண்டு சமமாகக் கவைபோல் எழுந்தால் திடமானதை விட்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் மரம் பெரிதானபின் அந்தக் கவையே பிளக்கும். கீழ்க்கிளைகளை ஒரே நாளில் மொட்டை அடிக்காமல், ஆண்டுக்குச் சிலவாக நீக்கி, ஆள் தலைக்கு மேல் கிளை பிரியும்படி உயர்த்த வேண்டும். ஒரு தடவையில் மொத்தத் தழையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது.

இலை உதிரும் மாசி மாதம் கவாத்துக்கு ஏற்றது. கனமான கிளையை வெட்டும்போது, முதலில் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அடிப்புறத்தில் பாதி அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்தி, கடைசியில் மீந்த கட்டையைக் கிளையின் அடிப்புடைப்பை ஒட்டி அறுக்க வேண்டும். இதனால் பட்டை உரியாது; காயம் விரைவில் மூடும். அடியிலிருந்தும் வேரிலிருந்தும் கிளம்பும் பக்கக் கன்றுகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். புங்கத்துக்கு இந்தப் பழக்கம் அதிகம்.

உயரமாகிவிட்டது என்று தலையை வெட்டுவதே மரத்துக்குச் செய்யும் பெருந்தீங்கு. வெட்டிய இடத்தில் பத்துப் போத்துகள் கிளம்பும். அவை மேலோட்டமாக ஒட்டியிருப்பதால் காற்றில் எளிதில் முறியும். புயல் மழைக்கு முன் புரட்டாசியில் காய்ந்த கிளைகளையும், கூரைமேல் தாழ்ந்த கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும்.

இலையில் காய்ப்பு ஏன்?

புங்க இலைகளில் சிறு விரல்கள்போல் முண்டுகள் கிளம்புவதைக் கண்டு பலரும் கவலைப்பட்டு மருந்து தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப் பேன் இலைக்குள் தங்குவதால் இந்த முண்டுகள் உண்டாகின்றன. இதனால் மரம் சாவதில்லை. இலைத் துளைப்பான் புழு உண்டாக்கும் வெண்திட்டுகளும் அப்படியே. பூமொட்டுகள் சில சமயம் காயாகாமல் உருண்டு திரண்டுவிடும். அது ஒரு சிறு ஈயின் வேலை. வீட்டு மரத்துக்கு இவை எதற்கும் மருந்து தெளிக்கத் தேவையில்லை. பூக்காலத்தில் தேனீக்கள் மொய்க்கும் மரத்தில் விஷ மருந்து தெளிப்பது பாவமும் நட்டமும் ஆகும். இளங்கன்றில் மட்டும் முண்டு விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்தால் போதும்.

குப்பையே உரம்

புங்கத்தின்மேல் வீட்டுப் பெண்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. மாசியில் சருகு, சித்திரை முதல் பூ, பிறகு காய் என்று வாசல் பெருக்கி மாளவில்லை என்பது அது. நியாயமான குறைதான். ஆனால் பெருக்கியதைத் தெருவில் கொட்டாமலும் எரிக்காமலும் தோட்ட மூலையில் மூன்றடிக் குழியில் போட்டு, மேலே சாணக் கரைசல் தெளித்து வைத்தால், சில மாதங்களில் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் கத்தரிக்கும் இடத் தகுந்த மக்கு உரம் கிடைக்கும். உதிர்ந்த புங்கம் பூ மக்கினால் பூந்தொட்டிகளுக்கு அருமையான எரு.

நெல் வயல் உள்ளவர்களுக்குப் புங்கந்தழை புதிதல்ல. நடவுக்கு முன் தழையைச் சேற்றில் மிதித்து விடுவது நம் முன்னோர் வழக்கம். நட்ட நான்கு முதல் ஏழு ஆண்டுக்குள் மரம் காய்க்கத் தொடங்கும். வளர்ந்த மரம் ஒன்று இடத்தையும் வயதையும் பொறுத்து ஆண்டுக்கு 9 முதல் 90 கிலோ வரை காய் தரும். விதையில் சுமார் 27 முதல் 39 சதம் வரை எண்ணெய் உண்டு. விளக்கெரிக்கவும், சோப்புத் தயாரிக்கவும், தோல் பதனிடவும், சித்த மருத்துவத்தில் மேற்பூச்சாகவும் இந்த எண்ணெய் பயன்படுகிறது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் ஏறத்தாழ 4 சதம் தழைச்சத்து உள்ளது. கரையானையும் ஓரளவு விரட்டும். எண்ணெயும் விதையும் உண்ணத் தக்கவை அல்ல. சிறு குழந்தைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டு மரத்தின் காயை விற்றுப் பணம் சேர்க்க முடியாது. அதன் வருவாய் வேறு வகையானது. மேற்குச் சுவர் குளிர்ந்திருப்பதும், மாலையில் அண்டை வீட்டார் நாற்காலி போட்டு உட்கார ஓர் இடம் இருப்பதும், மகன் நட்ட மரத்தின் கீழ்ப் பேரன் விளையாடுவதும் கணக்கில் எழுத முடியாத வரவு.

அடுத்த மழைக்குமுன் வீட்டின் மேற்கே 15 அடி அளந்து ஒரு குழி எடுத்து வையுங்கள். வைகாசியில் பக்கத்துத் தெரு மரத்தடியில் நான்கு புங்கங்காய் பொறுக்குங்கள். விதைக்குச் செலவு ஏதும் இல்லை. மூன்று ஆண்டு கவனித்தால் ஐம்பது ஆண்டு நிழல் உறுதி.